காற்று குறைந்தால் கூவும் கருவி

பழைய காருக்கு டயர் சென்சார் அவசியமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. மழை, தேர்தல், யார் வீட்டுக் கல்யாணம் என்று எதில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் டயரில் வந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் உண்மையில் பேசிக்கொண்டிருந்தது அப்பா இனிமேல் கார் ஓட்டலாமா கூடாதா என்பதைப் பற்றி. அதை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியம் எனக்கும் கிடையாது, வளைகுடாவில் வேலை பார்த்த என் தம்பிக்கும் கிடையாது. ஆகவே டயரைப் பற்றிப் பேசினோம்.

அந்தக் கருவி என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சில புதுக் கார்களில் டயருக்குள்ளேயே ஒரு சின்னப் பொருளை வைத்திருப்பார்கள். காற்று குறைந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். பழைய கார்களில் அது கிடையாது. வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். டயரின் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கொஞ்சம் தடித்த ஒரு மூடியைத் திருகவேண்டும். அது டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னத் திரைக்கு எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கும். குறைந்தால் திரை கூவும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் தம்பி என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தான்.

அப்பா அந்தக் காரை வாங்கியது இரண்டாயிரத்து நான்கில். நாகர்கோவிலில் ஒரு வக்கீல் ஓட்டிச் சலித்துப்போன வெள்ளைக் கார். இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டியது எங்கள் ஊர். கரையில் மீனை ஏலம் எடுத்து நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு அனுப்புவது அப்பாவின் தொழில். இளவயதில் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறார். மீன் கூடையோடு ஏறுகிறவர்களை அந்தக் காலத்து நடத்துநர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கூடை இல்லாமல் ஏறினாலும் சட்டையில் வாசம் இருக்கும், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார். கார் வாங்கிய அன்று அப்பா போட்ட ஒரே சட்டம், அதில் மீன் ஏறக்கூடாது என்பது. கருவாட்டுப் பொட்டலம்கூட ஏறியதில்லை. கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எனக்கு மீன்குழம்பு கொடுத்துவிடுவாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில்தான் வரவேண்டும். அப்பாவின் கார் வடசேரி வரை எனக்கு முன்னால் காலியாகப் போகும்.

கடல் உள்ளே வந்த அந்த டிசம்பரில் எங்கள் தெருவரை தண்ணீர் வரவில்லை. அன்று முழுக்க அப்பா காரில் ஆட்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பிறகு ஒரு நாள் சீட் உறை எல்லாவற்றையும் மாற்றினார், அவ்வளவுதான்.

தினமும் காலையில் அவர் செய்யும் ஒரு காரியம் உண்டு. வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கி, காரைச் சுற்றி வந்து, நாலு டயரையும் வலது காலால் ஒவ்வொரு உதை உதைப்பார். லேசான உதை இல்லை. உள்ளங்காலின் முன்பக்கம் பட, ஓங்கி ஒன்று. எதிரடி கால் வழியாக ஏறி வருவதை வைத்துக் காற்று சரியா குறைவா என்று சொல்லிவிடுவார். செருப்பு போட்டு உதைத்தால் ஒன்றும் தெரியாது என்பது அவர் கட்சி. பஸ் ஓட்டுநர்களும் லாரிக்காரர்களும் உதைத்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குச் செய்வார்கள், அப்பா நம்பிச் செய்தார். அதில் அவர் பெரும்பாலும் தவறியதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எல்லாம் தொடங்கியது ஒரு பின்டயரில். கார் வாங்கி எட்டொன்பது வருடம் ஆகியிருக்கும். அப்பாவுக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. சுகர் வந்து அதற்கும் பல காலம் ஆகியிருந்தது. அம்மாவை வடசேரி சந்தைக்குக் கூட்டிப்போய்விட்டு வரும்போது பின்பக்க டயர் ஒன்றில் காற்று இறங்கியிருக்கிறது. அப்பா அப்படியே ஓட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டார். வந்து சேர்ந்தபோது டயர் நார்நாராகிப் போயிருந்தது, உள்வளையமும் நெளிந்துவிட்டது. ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கிறதே என்று அம்மா வழியில் இரண்டு தடவை சொன்னாளாம். ரோடு அப்படி என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து ரோடுகளை எதற்காகவோ தோண்டிப் போட்டிருந்தார்கள், நல்ல டயரோடு போனாலும் கடகடவென்றுதான் இருக்கும். அதனால் அந்தப் பதிலை யாரும் சந்தேகப்படவில்லை.

தம்பி மட்டும் விடவில்லை. அவன் இருந்த ஊரில் அவனுடைய காரில் அந்த விளக்கு இருந்தது. ஒரு தடவை நெடுஞ்சாலையில் அது எரிந்ததால் தப்பித்தேன் என்று அவன் முன்பே கதை சொல்லியிருக்கிறான். வாராவாரம் வெள்ளிக்கிழமை போனில் வருவான். அப்பாவிடம் உடம்பை விசாரித்துவிட்டு, என்னிடம் வந்ததும் தொடங்குவான். ஒன்று சென்சார் போடவேண்டும், அல்லது அப்பா ஓட்டுவதை நிறுத்தவேண்டும். இரண்டில் ஒன்று.

நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அழுத்தம் என்றால் என்ன என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். எனக்கு அந்தக் கருவியின் மேல் மரியாதை வரவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை பஞ்சர் கடையில் நிறுத்திக் காற்றுப் பார்த்தால் தீர்ந்துபோகிற காரியம் அது. எங்கள் ஊரிலிருந்து நாகர்கோவில் போவதற்குள் அப்படிப்பட்ட கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆளில்லாத பாலைவனத்தில் நூற்றிருபதில் போகிறவனுக்கு விளக்கு வேண்டும். தோண்டிப்போட்ட ரோட்டில் நாற்பதைத் தாண்டாத பழைய காருக்கு எதற்கு? இன்றைக்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். கருவி கெட்டதல்ல. சோம்பேறிகளுக்கும் தொலைதூரம் போகிறவர்களுக்கும் நல்லது. பழைய கார் அது இல்லாமல் இருந்தே பழகியது.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, உனக்கு அப்பாவின் உயிர் பெரிதில்லை என்றான். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அப்போது வந்ததுதான் அந்த ஒரு மாத மௌனம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவன் யாரையும் கேட்காமல் பெட்டியிலிருந்து கருவியை எடுத்தான். நாலு மூடிகள், ஒரு திரை, அதைச் சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருக ஒரு வயர். முற்றத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திருகினான். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு யாருடைய காரையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை எரிந்து நாலு எண்களைக் காட்டியது. முன்பக்க வலது டயரில் குறைவு என்றது. அப்பா அந்த டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, இதில் ஒன்றும் குறைவில்லை, பின்னால் இடதில்தான் லேசாகக் குறைவு என்றார். தீர்ப்புக்காகக் காரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரரின் அளவுமானி மூன்றாவதாக ஒரு டயரைக் காட்டியது. மூன்று பேரில் யாரும் மற்ற இருவரையும் நம்பவில்லை, அப்படியே வீடு திரும்பினோம். நான் பின்சீட்டில் இருந்தேன், அன்றைக்கு எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மூடிகள் இருக்கும்வரை அப்பா ஓட்டலாம் என்று ஆயிற்று. யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி விமானம் ஏறுவதற்கு முன் அம்மாவிடம் திரையைக் காட்டி, எந்த எண் வரை இறங்கலாம் என்று சொல்லிக்கொடுத்தான். அப்போதே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று இரவு அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அம்மாவின் நாட்கள் மாறின. அதுவரை காரில் ஏறினால் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வருகிறவள், இப்போது திரையை வாசித்துக்கொண்டு வந்தாள். ஏறிவிட்டது, இறங்கிவிட்டது, நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வெயில் ஏறினால் டயரில் அழுத்தமும் கூடும் என்பதை நான் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை, எனக்குத் தோன்றவுமில்லை. ஒரு கல்யாணத்துக்கு மாலை வாங்கத் தோவாளைக்குப் போய்விட்டு உச்சிவெயிலில் திரும்பும்போது, அதிகமாகிவிட்டது என்று திரை கூவ, அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாளாம். டயர் வெடிக்கும் என்று அவளுக்குப் பயம். அப்பா இறங்கி நாலையும் உதைத்துக் காட்டினார். அவள் ஏறவில்லை. மடியில் மாலைப் பொட்டலத்தோடு இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டயர் ஆறும்வரை காத்திருந்தார்கள். மாலை வாடிப்போனது.

பஞ்சர் கடைக்காரர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருக்கு அந்தக் கருவி ஆகாது. காற்றுப் பார்க்க ஆள் வராமல் போய்விடும் என்ற கவலை அவர் முகத்தில் வெளிப்படையாகவே இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. இரண்டு டயர்களில் அடிக்கடி காற்று குறைகிறது என்று கொண்டுபோனபோது, வால்வின்மேல் சோப்புத் தண்ணீரை விட்டார். மூடியின் அடியிலிருந்து மெதுவாகக் குமிழி வந்தது. அந்த மூடி வால்வின் ஊசியை அழுத்திக்கொண்டே இருப்பது. திருகல் கொஞ்சம் தளர்ந்தால் அந்த வழியாகவே காற்று கசியும். காற்று குறைவதைச் சொல்ல வைத்த கருவியே காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தது. அப்பா மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வாரம் முழுக்க நல்ல குஷியில் இருந்தார். கோயில் வாசலில், கடற்கரையில், கண்ட ஆட்களிடமெல்லாம் இதைச் சொன்னார்.

தம்பி போனில் ஒரே வார்த்தையில் முடித்தான். மூடியைக் கழற்றினால் சாவியை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அப்பா போனை என்னிடம் நீட்டினார். மறுநாள் மூடிகள் நன்றாக இறுக்கப்பட்டு மறுபடியும் டயரில் இருந்தன.

இதற்கிடையில் ஒரு தடவை நான் முன்சீட்டில் அவரோடு போனேன். புறப்படும்போது அவர் தலை குனிந்து கீழே பார்த்தார். கொஞ்ச தூரம் போய் ஒரு வளைவில் மறுபடியும் குனிந்தார். செருப்பு கழன்றுவிட்டதா என்று கேட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு அது, சுகர்காரர்களுக்கானது, மெத்தென்று இருக்கும். புதுச் செருப்பு, கால் நிலைகொள்ளவில்லை என்றார். பின்சீட்டிலிருந்த அம்மா, "ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில், பலமுறை சொல்லிப் பழகியது தெரிந்தது.

அடுத்த வருடத் தவக்காலத்தில் அப்பாவை அப்போஸ்தலராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கள் கோயிலின் பங்கில் ஒவ்வொரு பகுதிக் குடும்பங்களையும் சேர்த்து ஓர் அன்பியம் என்று வைத்திருப்பார்கள். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரையும் அன்பியங்கள்தான் அனுப்பும். எங்கள் அன்பியத்தின் முறை வந்தபோது அப்பாவின் பெயரைக் கொடுத்தார்கள். அதற்கென்ன, யாராவது உட்காரத்தானே வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டார். ஆனால் புது வேட்டி வாங்கினார், அதை அம்மாவிடம் கொடுக்காமல் தானே இஸ்திரி போட்டார்.

இந்தச் சடங்கில் ஒரு வேடிக்கை உண்டு, எங்கள் கரையோரத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்தது. கழுவுவதற்காகக் கொண்டுபோகும் காலை யாரும் அழுக்காகக் கொண்டுபோக மாட்டார்கள். சாமியார் கையில் அழுக்குக் காலைக் கொடுப்பதா? அன்று மத்தியானம் பன்னிரண்டு வீடுகளிலும் பன்னிரண்டு பேர் கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மணலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடந்த கால்கள், வெடிப்பும் காய்ப்புமாக இருக்கும். தேய்க்கத் தேய்க்கத்தான் வெளுக்கும். சாமியாரின் தண்ணீர் படுவதற்கு முன்பே அந்தக் கால்களுக்கு ஊரிலேயே மிகச் சுத்தமான கால்கள் என்று பேர் வந்துவிடும்.

அப்பா குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரும் சோப்பும் வைத்துத் தேய்த்தார். சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவுவார் என்பதால் வலது காலுக்குக் கூடுதல் நேரம் ஆயிற்று. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க அவருக்கு வயிறும் இடுப்பும் விடாது, ஒரு கணக்கில்தான் தேய்த்தார். அம்மா தேய்த்துவிடுகிறேன் என்றாள். விடவில்லை. பெண்டாட்டி கழுவிய காலைச் சாமியார் கழுவுவதாவது என்றார். நான் பள்ளியில் இருந்து நேராக ஊருக்கு வந்திருந்தேன், கிணற்றுப் பக்கம் நின்று இதைப் பார்த்துச் சிரித்தேன். நார் சிவந்து வருகிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் நடக்கிற தூரம்தான். என்றாலும் காரில் போனோம். அப்பா ஓட்டினார்.

பீடத்துக்கு முன்னால் பக்கத்துக்கு ஆறு பேராக இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். அப்பா வலப்பக்கப் பெஞ்சில் நாலாவது. நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் அம்மாவோடு இருந்தேன். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். இளவயதுக்காரர், எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பூசையில் உதவும் உபதேசியார் செம்பும் தாம்பாளமும் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு, பாதத்தில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு எழுந்தார். பாட்டுக்குழு பாடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் காலைத் துடைத்தபோது சாமியாரின் கை நின்றது. துண்டைப் பார்த்தார். நான் இருந்த இடத்திலிருந்தே அந்தச் சிவப்பு தெரிந்தது. அவர் நிமிர்ந்து அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா காதைக் கொடுத்துக் குனிந்தார். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு சாமியார் சொல்லித்தான் அறிந்தேன். வலிக்கிறதா என்று இவர் கேட்டிருக்கிறார். "எங்க ஃபாதர்?" என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

சாமியார் பேச்சை நீட்டவில்லை. துண்டைச் சுத்தமான பக்கமாக மடித்து உள்ளங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் மேல்பக்கத்தில் முத்தமிட்டார். உபதேசியாரிடம் வேறு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு ஐந்தாவது ஆளிடம் போனார். அப்பா காலைத் தரையில் வைத்தார். வெள்ளை டைல்ஸில் அது ஓர் அடையாளம் போட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பூசை முடியும்வரை கைகளைக் குவித்து நேராக உட்கார்ந்திருந்தார். நற்கருணை அப்பம் வாங்க எழுந்து நடந்தபோது பீடம்வரை அந்த அடையாளம் போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

பூசை முடிந்ததும் சாமியாருடைய அறையில் வைத்துப் பார்த்தோம். பெருவிரலுக்குக் கீழே, தடித்த காய்ப்பு நடுவில், ஒரு விரல்நுனி போகிற அளவுக்குக் குழி. நார் போட்டுத் தேய்த்ததில் மேல்தோல் பெயர்ந்து வந்திருந்தது. குழி மட்டும் அன்றைக்கு விழுந்தது அல்ல. அதன் வாசம் பல நாள் வாசம். தினமும் டயரை உதைத்ததில் வந்ததா, கடற்கரையில் ஏதாவது குத்தியதா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் காலைப் பற்றிய செய்தி அவருக்கு எங்கள் முகங்களிலிருந்துதான் கிடைத்தது.

நான் சாவியைக் கேட்டேன். கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டினேன். அவர் பின்சீட்டில் அம்மாவின் மடியில் காலை நீட்டி வைத்திருந்தார்.

புனித வெள்ளியும் ஈஸ்டரும் ஆஸ்பத்திரியில் கழிந்தன. எலும்புவரை சீழ் போயிருந்ததால் பெருவிரலை எடுத்தார்கள். அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. தம்பி அவசர லீவு போட்டு வந்தான். கட்டிலின் ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் நானுமாக நின்றோம். எங்களுக்குள் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்டால் தெரியாது. அவன் வந்ததும் நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அவன் குடித்தான், அவ்வளவுதான். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களிடம் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. பெருவிரல் இல்லாமல் ஆக்சிலேட்டரை மிதிக்க முடியுமா? முடியும் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்தால் விரல் போன ஆள் என்று சொல்ல மாட்டீர்கள். வெளியே வராந்தாவில் தம்பி என்னிடம், இனி யார் அவரிடம் சொல்வது என்று கேட்டான். நான் சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் சுகர் டாக்டர் வந்தார். அம்மா வயதையொத்த பெண்மணி. கையில் பேனா மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் தடித்த நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் நான் தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லுங்கள் என்றார். வலது காலில் கட்டு இருந்ததால், கட்டில்லாத இடங்களையும் முழு இடது காலையும் பார்க்கப்போவதாகச் சொன்னார். அப்பா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். பள்ளிக்கூடப் பரீட்சையில் உட்கார்ந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

டாக்டர் இழையை இடது பெருவிரலில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சின்னவிரல், விரல்களின் அடி, உள்ளங்காலின் நடு, குதிகால். ஒவ்வொரு இடத்திலும் இழை வளைந்து நிமிர்ந்தது. வலது காலில் கட்டுக்கு வெளியே குதிகாலிலும் கணுக்காலின் பக்கத்திலும் வைத்தார். தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். டாக்டர் இழையைப் பிடிக்குள் மடக்கினார்.

அப்பா கண்ணைத் திறக்காமல், "எப்ப தொடங்குவீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சு ஐயா" என்றார் அவர்.

அப்பா கண்ணைத் திறந்தார். முதலில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பிறகு இடது காலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இது எத்தனை காலமாக இப்படி இருக்கும் என்று கேட்டார். சட்டென்று வருவதில்லை, சில வருடங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்படியென்றால் பிரேக்கை மிதித்தால் மிதித்தது எனக்குத் தெரியாதா என்று அப்பா கேட்டார். அதை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று டாக்டர் பதில் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்பா யோசித்தார். பொய் சொல்ல வழி தேடுகிறார் என்று நினைத்தேன். நான் மறுத்துப் பேசத் தயாராக இருந்தேன், தம்பியும் ஜன்னலிலிருந்து திரும்பிவிட்டான்.

"வண்டி நின்னா மிதிச்சிருக்கேன்னு தெரியும்" என்றார்.

டாக்டர் அந்தப் பிடியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அந்தப் பழைய ரோடுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடம் விடும் நேரத்து நாகர்கோவில், வடசேரி பஸ் ஸ்டாண்டு வாசல், கோயில் முடிந்து பிள்ளைகள் ஓடிவரும் எங்கள் தெரு. அங்கெல்லாம் அவர் ஓட்டியிருக்கிறார், நாங்கள் ஏறியும் போயிருக்கிறோம். எனக்குப் பயமாக இருந்தது. நடந்து முடிந்த ஒன்றுக்காக அப்படிப் பயந்தது அன்றுதான். பேசவேண்டியது என் முறை.

அம்மா ஃபிளாஸ்கில் கஞ்சி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஃபிளாஸ்கை வைத்துவிட்டு, என்ன எல்லோரும் இப்படி நிற்கிறீர்கள் என்றாள். அப்பா அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்காமல் அவளிடம் மட்டும் பேசினார்.

"இனி நான் கூப்பிட்டாலும் நீ வண்டியில ஏறாத, கேட்டியா."

அம்மா எங்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சரி என்றாள். காரணம் கேட்கவில்லை. அவர் இடது கால் போர்வைக்கு வெளியே கிடந்தது. எழுந்து அதைக் கையில் எடுத்து, உள்ளங்காலைத் தன் முந்தானையால் துடைத்து, போர்வைக்குள் வைத்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததால்தான் அவருக்கு அது தெரிந்தது.